அட்மின்

உலோகம் தேடும் கருவி அப்பாவின் இடுப்புக்கு நேரே வந்ததும் கீச்சென்று கத்தியது.

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். கருவியைப் பிடித்திருந்த மெய்க்காவலர் ஒரு கணம் தன் கையையே சந்தேகப்பட்டவர் போலப் பார்த்தார். பிறகு கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தவரின் மேல் இன்னொரு முறை மெதுவாக ஓட்டினார். அதே இடத்தில் மறுபடியும் கத்தியது.

“அது தகடுங்க,” என்றாள் சின்னவள். “இடுப்பெலும்பு ஒடஞ்சப்ப உள்ள வச்சது. எடுத்துக் காட்டணுமா?”

மெய்க்காவலர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நடுவயதுக்காரர், நல்ல மனிதர்தான். “மன்னிச்சுக்கங்கம்மா. மேடம் வர்றதுக்கு முன்னாடி கூடத்துல இருக்கிற எல்லாத்தையும் பாத்துடணும்னு உத்தரவு.”

“எல்லாத்தையும்னா பொணத்தையுமா?” மூலையிலிருந்து சித்தப்பா கேட்டார். “பெத்த அப்பன் மேலயே அவளுக்கு அவ்வளவு சந்தேகமா?”

“மேடம் சொல்லலைங்க. நடைமுறை.”

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அந்தத் தகட்டைப் பற்றித் தெரிந்திருந்தால் அக்கா தன் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பாள். அவளுக்கு எங்கே தெரியும்? அறுவை நடந்த வாரம் அவள் யாரோ வெளிநாட்டுத் தலைவரின் வருகைக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்ததும், கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்து நடத்திப் போனதும், தையல் பிரித்த இடத்தில் மருந்து தடவியதும் சின்னவள்தான். அந்தத் தகடு எந்த இடத்தில் இருக்கிறது என்று இந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும், இப்போது இந்தக் கருவிக்கும் தெரியும்.

மெய்க்காவலர் அலமாரியைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து, பழைய செருப்பையும் படுக்கையில் வைக்கும் கழிவுத் தட்டையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, அவற்றை மறுபடி அதே இடத்தில் மரியாதையாக வைத்தார். அப்புறம் சட்டைக் காலரில் இருந்த ஒலிவாங்கியில், “வீடு சரியா இருக்கு,” என்று சொன்னார்.

அக்கா என்றால் சாதாரண அக்கா இல்லை. நாட்டை நடத்துகிற பெரியவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எந்த வண்டியில் உட்கார வேண்டும், முன்னால் யார், பின்னால் யார் என்று முடிவு செய்வது அவள்தான். பத்திரிகையில் படம் வராத பதவி, வரவே கூடாத பதவி. ஆனால் அப்பா அதைத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். “எங்க பெரியவ என்ன வேலை பாக்குறான்னு யாருக்கும் தெரியக் கூடாது” என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவார். மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், முடி வெட்டுகிறவருக்குத் தெரியும், எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும் தெரியும். சின்னவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். அதை அப்பா யாரிடமும் ரகசியமாகக்கூடச் சொன்னதில்லை.

அக்கா எப்போதாவது வருவாள். வந்தால் ஒரு தேநீர் ஆறுகிற நேரம் இருப்பாள். அதற்குக் காலையிலிருந்தே அப்பா தயாராவார். “சின்னவ, அந்த நீலச் சட்டையை எடு. சின்னவ, தாடியை எடுத்து விடு.” அக்கா வந்து உட்கார்ந்ததும் நிமிர்ந்து உட்காருவார், இடுப்பு வலியே இல்லாத மனிதர் போல. அவள் போன பிறகு சுருண்டு படுத்து முனகுவார். முனகலைக் கேட்பதற்குத்தான் சின்னவள் இருக்கிறாளே. அடுத்த ஒரு வாரத்துக்கு அக்கா என்ன பேசினாள், எப்படிச் சிரித்தாள் என்பதே வீட்டில் பேச்சாக இருக்கும். சில நாட்களில் சின்னவளுக்கு அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைக்கத் தோன்றும். வைப்பாள். அப்பாவுக்குக் காது மந்தம், கேட்காது.

விடியற்காலையில் அப்பா போய்விட்டார். அப்போதிலிருந்து சின்னவளுக்கு உட்கார நேரமில்லை. டாக்டரைக் கூப்பிட்டது, துடைத்துச் சட்டை மாற்றியது, கல்லறைக்கு ஏற்பாடு, சவ வண்டிக்கு ஏற்பாடு, வந்தவர்களுக்குத் தேநீர். இரண்டு கறுப்பு வண்டிகள் வாசலில் வந்து நின்றபோது அவள் கையில் கெண்டி இருந்தது.

எதிர்வீட்டு மாடிகளில் தலைகள் முளைத்தன. அக்கா இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். சத்தமே இல்லாமல் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து, ஓய்ந்திருந்த கூடம் மறுபடி அழுதது.

“பாவம், கடைசி நேரத்துல பக்கத்துல இருக்கக் குடுத்து வைக்கலையே இந்தப் புள்ளைக்கு,” என்று பக்கத்து வீட்டு அம்மா அக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பக்கத்தில் இருந்தவளின் முதுகை யாரும் தடவவில்லை. அவளிடம் சர்க்கரை போடாத தேநீர் ஒன்று வேண்டும் என்றார்கள்.

அடுப்படியில் சர்க்கரை இல்லாத தேநீரைத் தனியாக ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசி அதிர்ந்தது. காலையிலிருந்து அது ஓயாமல் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு உடைந்தபோது, எந்த மாத்திரை எப்போது என்று யாராவது ஞாபகப்படுத்தட்டும் என்று அவள் ஆரம்பித்த குழு, ‘அப்பா வீடு’ என்று பெயர். ஒருவர் மாற்றி ஒருவரைச் சேர்க்கச் சொல்லி, இப்போது சொந்தபந்தம் மொத்தமும் அதில் குடியிருந்தது. மாத்திரையைப் பற்றி ஒருவரும் ஒரு நாளும் ஞாபகப்படுத்தியதில்லை. இன்று மட்டும் கூப்பிய கைகளும் மெழுகுவர்த்திகளும் மழையாகப் பொழிந்தன.

அந்த மழைக்கு நடுவில், அக்காவின் பெயரில், இப்படி ஒன்று இருந்தது.

‘மாலை பாலத்து வழி வேண்டாம். பாலத்தடியில் வெடி வைக்க ஆள் நடமாடுவதாகத் தகவல். துறைமுகச் சாலைக்கு மாற்றவும். பெரியவர் தன் வண்டியில் இல்லை, பின்னால் வரும் ஆம்புலன்சில். முன்வண்டி ஓட்டுநருக்கு உடனே சொல்லவும். வெளியே கசியக் கூடாது.’

சின்னவள் இரண்டு தரம் படித்தாள். அதற்குக் கீழே ஒரு பெரியம்மா ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டிருந்தாள். தூரத்து மாமா ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அவர் எதற்கும் அதைத்தான் காட்டுவார். படித்துவிட்டுப் போட்டவர்கள் மாதிரித் தெரியவில்லை. சாவுச் செய்திக்குப் பதில் போடுகிற அவசரத்தில் யார் எதைப் படிக்கிறார்கள்?

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே புரிந்தது. போன முறை வந்தபோது அக்காவே அப்பாவிடம் சொல்லிச் சிரித்திருந்தாள். ஆபீசில் கொடுத்த கனமான கைப்பேசி ஒன்று உண்டு. கைரேகை வைத்து, எண் போட்டு, அது திறப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் அதிகாரிகள் எல்லோரும் சாதாரணக் கைப்பேசியிலேயே ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். “சட்டப்படி தப்புதான்ப்பா. ஆனா பெரியவரே அதுலதான் எங்களுக்குக் காலை வணக்கம் பூவெல்லாம் அனுப்புறாரு, யாரு யாரைக் கேக்குறது?” யாராவது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாலும் குடும்பப் பேச்சு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று, அந்தக் குழுவுக்கு ‘எங்க வீடு’ என்று பெயர் வைத்தது அக்காவின் யோசனை. “பாத்தியா சின்னவ, மூளையை!” என்று அப்பா அன்று முழுக்கப் பூரித்துப்போனார்.

மூளைக்காரி இன்று, அழுத கண்ணோடு, ‘எங்க வீடு’க்கு அனுப்ப வேண்டியதை ‘அப்பா வீடு’க்கு அனுப்பிவிட்டாள்.

சின்னவள் கதவிடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். அக்கா கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டோம் என்கிற நிம்மதி அவள் தோளில் தெரிந்தது.

போய்ச் சொல்ல வேண்டும். சின்னவள் கெண்டியை எடுத்தாள், திரும்பக் கீழே வைத்தாள்.

சமையல் மேடைக்கு மேலிருந்த பிளக்கில் இன்னொரு கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை மகனுடையது. செய்திச் சேனலில் வேலை, வீட்டில் எல்லோருக்கும் அவர் சேனல்காரர்தான். பக்கத்து வீட்டில் பூனை குட்டி போட்டாலும் ‘முதன்முதலாக’ என்று போடுகிற ஆள். அவரும் ‘அப்பா வீடு’க்குள் இருக்கிறார். வாசலில் உட்கார்ந்து சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசியைத் தேடி உள்ளே வந்தால் போதும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அக்காவின் பதவி, இரண்டு கறுப்பு வண்டி, வாசலில் நிற்கும் காவல், எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

அவளுக்கு இனித்தது. சொல்லக் கூசுகிற விஷயம்தான். அப்பாவின் உடம்பு கூடத்தில் கிடக்கும்போது நினைக்கக் கூடாததுதான். ஆனாலும் நாக்கின் அடியில் கற்கண்டு வைத்ததுபோல இனித்தது. அவள் ஒரு பாவமும் செய்ய வேண்டியதில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். அட்மின் ஒருத்தி தன் குழுவை ஒரு மணி நேரம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அப்பா செத்த வீட்டில் யார் அதைக் குற்றம் சொல்வார்கள்?

அவள் தேநீரை ஊற்றினாள். கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள், கொடுத்தாள், காலிக் கோப்பைகளோடு திரும்பினாள். அக்காவுக்கு என்று ஊற்றிய கோப்பை மட்டும் மேடையிலேயே இருந்தது. கூடத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு தரமும் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக அந்த முகத்தை அப்பாவின் கண் வழியாகவே பார்த்துப் பழகிவிட்டது. இன்றைக்குத்தான் அவளாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தலையில் நரை ஏறியிருந்தது. நரைக்கட்டுமே என்று நினைத்துக்கொண்டாள்.

மெய்க்காவலர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். “ஒரு டீ கிடைக்குமாம்மா? காலையில இருந்து ஒண்ணும் இல்ல.”

“உள்ள வாங்க. பிஸ்கட்டும் இருக்கு.”

அவர் தயங்கி, துப்பாக்கி இருந்த பக்கத்தைச் சுவரோரமாக வைத்து நின்றபடி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றார். தகட்டு விஷயத்துக்கு மறுபடி மன்னிப்புக் கேட்டார். தன் அப்பாவுக்கும் முழங்காலில் தகடு இருப்பதாகச் சொன்னார்.

“சாயங்காலம் உங்களுக்கும் டியூட்டியா?” என்று சின்னவள் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“எனக்கு மேடம் கூடத்தான். என் மச்சினன் போறான், தங்கச்சி வீட்டுக்காரன். முன்வண்டி ஓட்டுறது அவன்தான். போன மாசம்தான் அவனுக்குப் பொண்ணு பொறந்துச்சு.” சிரித்தார். “ராத்திரி தூங்கவே மாட்டேங்குதாம். வண்டியை எடுக்கிறப்ப கண்ணை மூடிடாதடான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

சின்னவளின் கை நின்றது. இதுவரைக்கும் அந்தச் செய்தியில் அவள் பார்த்தது அக்காவை மட்டும்தான். அதில் ஒரு பாலம் இருந்தது, பாலத்துக்கு அடியில் யாரோ இருந்தார்கள், முன்வண்டியில் ஓர் ஓட்டுநர் இருந்தான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி இங்கே மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் கிடந்தது.

“என்னம்மா, உடம்புக்கு முடியலையா? உக்காருங்க.”

“ஒண்ணுமில்ல.”

அப்போது பார்த்து சேனல்காரர் உள்ளே நுழைந்தார். “சின்னவளே, என் போன் இங்கதான சார்ஜ்ல இருக்கு? எடு பாப்போம். ஆபீஸ்ல தேடியிருப்பானுங்க.”

“இருங்க அத்தான், கை ஈரமா இருக்கு.”

ஈரமெல்லாம் இல்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் கைப்பேசியில் அந்தச் செய்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். அட்மின் என்பதால் அவளுக்கு அந்த உரிமை இருந்தது. அப்பா வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. எல்லோருக்கும் நீக்கவா என்று கேட்டது. நீக்கினாள். அதற்குள் சேனல்காரர் தானே எட்டித் தன் கைப்பேசியைப் பிடுங்கி எடுத்துவிட்டிருந்தார்.

“ஆத்தாடி, எவ்வளவு வந்து கெடக்கு,” என்று தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். “அட்மின் நீக்கினார்னு இருக்கே. எதைம்மா நீக்கின?”

“லேப் ரிப்போர்ட் ஒண்ணு தப்பா வந்துடுச்சு அத்தான். யாரோ ஒருத்தரோட மூத்திர ரிப்போர்ட்.”

“சே,” என்று முகத்தைச் சுளித்துவிட்டு அவர் வெளியே போனார்.

சின்னவள் அக்காவின் கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தேநீரைக் கையில் கொடுப்பவள் போலக் குனிந்து, காதோடு சொன்னாள்.

“அக்கா, அழாம கேளு. நீ அனுப்பின மெசேஜ் உங்க குரூப்புக்குப் போகல. நம்ம குரூப்புக்கு வந்துடுச்சு.”

அக்கா புரியாமல் பார்த்தாள். பிறகு கைப்பேசியைத் திருப்பினாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைச் சின்னவள் பார்த்தாள். தினமும் ஊசியைக் கண்டு வெளிறுகிற முகங்களைப் பார்க்கிறவள் அவள். இப்படி ஒரு வெளிறலை இந்த முகத்தில் பார்ப்போம் என்று நினைத்ததில்லை. பூட்டைத் திறக்க எண்ணைத் தப்புத் தப்பாகப் போட்டாள்.

“நான் அழிச்சுட்டேன். ஒருத்தரும் படிக்கல. நீ உங்க குரூப்புல போட்டுடு. யாருக்கும் தெரியவே தெரியாது.”

இதைச் சொல்லும்போது சின்னவளுக்கு இன்னொரு விதமாக இனித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அக்காவைக் காப்பாற்றியாயிற்று. இனி இருக்கிற காலம் முழுக்க அக்கா எத்தனை உயரத்தில் இருந்தாலும் அதன் நூல் தன் கையில் இருக்கும். சொல்லிக் காட்ட வேண்டாம், பார்த்தாலே போதும்.

அக்கா செய்தியை அனுப்பினாள். அது போதாதென்று யாரையோ கூப்பிட்டு, வழியை வாயாலும் சொன்னாள். முன்வண்டிக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டு, ஆமாம் என்ற பதில் வரும்வரை வைத்துக்கொண்டே இருந்தாள். வண்டிகள் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. மூச்சை விட்டாள்.

“எப்ப பாத்த இதை?” என்று கேட்டாள்.

“இப்பத்தான்.”

அக்கா கையிலிருந்த தேநீரைப் பார்த்தாள். ஆடை படிந்து, அந்த ஆடையும் சுருங்கிப்போயிருந்தது. எந்தக் கதவு எப்போது திறந்தது என்று கண்டுபிடித்தே பதவிக்கு வந்தவள் அவள். கோப்பையின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டாள். தங்கையை ஏறிட்டாள். சின்னவள் அப்பாவின் மேல் கிடந்த துணியின் ஓரத்தை நேராக்கினாள். பிறகு அக்கா அந்த ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அடுத்து அவள் செய்ததைச் சின்னவள் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு எண்ணைக் கூப்பிட்டு, எழுந்துகூடப் போகாமல், கூடத்தில் எல்லோரும் கேட்கவே பேசினாள்.

“ஐயா, வணக்கம். ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. என் தப்பு. சாயங்கால வழியை வேற ஒரு குழுவுக்கு அனுப்பிட்டேன். சொந்தக்காரங்க இருக்கிற குழு… இல்லைங்க, நானா கண்டுபிடிக்கல, என் தங்கச்சிதான் பாத்துச் சொன்னா… நீக்கிட்டா. ஆனா யாரு படிச்சாங்க, யாரு படிக்கலன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. அதனால புது வழியையும் மாத்திடணும்… ஆமாங்க, சாதா போன்லதான். எல்லாருமே அப்படித்தான் பண்றோம், ஆனா அனுப்பினது நான்… சரிங்க. புரியுதுங்க.”

கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. சேனல்காரர் வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றார். கையில் கைப்பேசி, கண்ணில் ஒரு பளபளப்பு.

“அத்தான்,” என்று அக்கா கூப்பிட்டாள். “வண்டியெல்லாம் பத்திரமா போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணும் போட்டுடாதீங்க. சேந்ததுக்கு அப்புறம் போட்டுக்கங்க. என் பேரையும் போட்டுக்கங்க.”

“சீச்சீ, என்ன பேச்சு இது, சாவு வீட்டுல,” என்றார் அவர். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சித்தப்பாவின் பக்கம் குனிந்து, “அப்படியே பெரிய மாமா மாதிரி. பாத்தீங்களா?” என்றார்.

“பின்ன?” என்றார் சித்தப்பா. “டிப்போவுல சக்கரத்துக்கு நட்டை முடுக்க மறந்துட்டு, அந்த பஸ் பின்னாலயே தெருவுல கத்திக்கிட்டு ஓடினவன்தான எங்க அண்ணன்? தானே போய் மேனேஜர்கிட்ட சொல்லி, சஸ்பெண்ட் ஆகி வீட்டுல உக்காந்திருந்தான். அப்பன் ரத்தம் அப்படியே பெரியவளுக்கு வந்திருக்கு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மா மறுபடி அக்காவின் முதுகைத் தடவினாள்.

சின்னவளுக்கு அழுகை முட்டியது. அப்பாவுக்காக வந்த அழுகை இல்லை அது. மேலே ஏறினாலும் அவள் அப்பாவின் பெண், கீழே விழுந்தாலும் அவள்தான் அப்பாவின் பெண் என்றால், தான் யார்? அப்பாவின் மூக்கும் அப்பாவின் காலும் இவளுக்குத்தான் வந்திருந்தன. அதை யாராவது சொன்னார்களா? தன் கையிலிருந்த நூலையும் அக்கா ஒரே இழுப்பில் அறுத்துப் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, தங்கச்சிதான் பார்த்தாள் என்று அதிலும் ஒரு நல்ல பெயரை இவளுக்குப் பிச்சை போட்டிருக்கிறாள். சின்னவள் எழுந்து அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினாள்.

அதன் பிறகு கைப்பேசி அக்காவை விடவில்லை. கொல்லைப்பக்கம் போய், துணி காயப்போடுகிற கொடிக்கு அடியில் நின்று, யார் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் யார் அந்தக் குழுவில், எந்த ஊரில், என்ன வேலை என்று கேட்டார்கள் போலிருக்கிறது. தூரத்து மாமாவின் கட்டைவிரலுக்குக்கூட அவள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மெய்க்காவலர் வந்து தயங்கி நின்றார். வண்டிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருந்தது, ஆபீஸ் கைப்பேசியையும். அவர் கேட்கக் கூசியபோது அக்காவே அதை எடுத்து நீட்டி, தலையசைத்து அனுமதி கொடுத்தாள்.

போகும்போது அவர் அடுப்படிப் பக்கம் வந்தார். “என் மச்சினன்கிட்ட பேசிட்டேன்மா. வேற வழியாப் போறானாம்.” வேறு ஏதோ சொல்ல நினைத்தவர், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை எங்கே வைப்பது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை.

கறுப்பு வண்டிகள் கிளம்பிய இடத்தில் சவ வண்டி வந்து நின்றது. சித்தப்பாவும் சேனல்காரரும் தெருக்காரர்களும் சேர்ந்து அப்பாவைப் பெட்டியில் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கை இருந்தது.

“பெரியவ எங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“அவ போன்ல இருக்கா. வண்டி நிக்காது,” என்றார் சித்தப்பா. “சின்னவளே, நீ ஏறு. நீதானம்மா பாத்துக்கிட்ட. நீதான் கூடப் போகணும்.”

காலையிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்று அது வந்த பிறகுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் காலை வைத்தாள். உள்ளே பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் அவள். போகிற வழி முழுக்க வேறு யாரும் இல்லை.

ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். அக்கா கொல்லையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றாள். மற்றவர்கள் அங்கங்கே கிடைத்த வண்டிகளில் ஏறி, கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அரசாங்க வண்டி இருக்கும் என்று நினைத்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யார் எந்த வண்டியில் உட்கார வேண்டும் என்று நாட்டுக்கே சொன்னவள், எதில் ஏறுவது என்று தெரியாமல், ஒரு கார் கதவைத் தொட்டு, உள்ளே இடமில்லை என்று பார்த்து, கையை எடுத்துக்கொண்டாள்.

சின்னவள் பல்லைக் கடித்தாள். படியிலிருந்து காலை எடுத்தாள்.

“நீங்க உக்காருங்க சித்தப்பா.”

“ஏம்மா?”

“உக்காருங்கன்னா.”

சுவரோரம் நின்ற தன் ஸ்கூட்டரை அவள் உதைத்துக் கிளப்பியதும் அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஏறத் தெரியாமல் ஏறியதில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

“கெட்டியா புடிச்சுக்க.”

தெருமுனை தாண்டியதும், “இடதுபக்கம் போடி, அங்க கூட்டம் இருக்காது,” என்றாள் அக்கா.

“அப்பா வண்டி நேராத்தான் போகுது. அது பின்னாலயே போனாப் போதும்.”

கொஞ்ச தூரம் போனதும் நாற்சந்தியில் சவ வண்டி தாண்டிவிட்டது, இவர்களுக்குச் சிவப்பு விழுந்துவிட்டது. சுற்றிலும் வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. அக்காவின் குரல் கழுத்துக்குப் பின்னால் மிகவும் பக்கத்தில் கேட்டது.

“அப்பா கடைசியா ஏதாவது சொன்னாராடி?”

சொன்னார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து அவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் வாங்கினார். அடுத்த வாய்க்கு உதட்டை மூடிக்கொண்டார். கண் எங்கோ பார்த்தது. “பெரியவ சாப்பிட்டாளா?” என்று கேட்டார். கரண்டியைப் பிடித்திருந்தவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. “சாப்பிட்டிருப்பா, நீங்க வாயைத் திறங்க,” என்றாள், கொஞ்சம் எரிச்சலாகவே. அவர் திறந்தார். பால் உதட்டோரமாக வழிந்து வெளியே வந்தது. அவ்வளவுதான்.

“தண்ணி கேட்டாரு,” என்றாள் சின்னவள்.

“குடுத்தியா?”

“குடுத்தேன்.”

அக்காவின் நெற்றி அவள் முதுகில் வந்து பதிந்தது. சட்டை அந்த இடத்தில் சூடாகி, பிறகு ஈரமானது. சின்னவள் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு மாறவில்லை.

“நீ காலையில சாப்பிட்டியா?” என்று திரும்பாமலே கேட்டாள்.

“இல்ல,” என்றாள் அக்கா.

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போக ஆரம்பித்த பிறகுதான் சின்னவள் வண்டியை எடுத்தாள்.